ஆச்சியை ஈரத் தட்டில் படம் எடுப்பதற்கு முன்

கேள்வி: களக்காட்டில் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு 84 வயது. காதில் இன்றைக்கும் பாம்படம்தான். சித்திரையில் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. அப்போது வெட் பிளேட் முறையில் படம் எடுப்பவர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்து, வீட்டிலேயே ஆச்சியை ஒரு படம் எடுக்க நினைக்கிறோம். நிழலான இடமும் தண்ணீரும் இருந்தால் போதும் என்கிறார் அவர். வேறு எதைத் தயார் செய்ய வேண்டும்? கண்ணாடியில் எடுக்கச் சொல்வதா, தகட்டிலா? பட்டாசலில் மாட்டியிருக்கும் பழைய ஸ்டுடியோ படங்கள் மாதிரி வருமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அந்த மாதிரி வராது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தாத்தா, பூட்டன் படங்கள் அநேகமாக எல்லாமே உலர்ந்த ஜெலட்டின் தட்டிலோ பிலிமிலோ எடுத்து, காகிதத்தில் பிரிண்ட் போட்டவை. ஜெலட்டின் தட்டுக்கு வழி காட்டியவர் ரிச்சர்ட் மேடாக்ஸ், ஆண்டு 1871. ஈரத் தட்டு அதற்கு இருபது வருடம் மூத்தது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் இதை வெளியிட்டார், காப்புரிமைகூட வாங்கவில்லை. கண்ணாடியின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே டெவலப் செய்தாக வேண்டும். உங்களுக்குக் கிடைக்கப்போவது பிரிண்ட் இல்லை. காமிராவுக்குள் போய் வந்த அதே தட்டுதான் படம், ஒன்றே ஒன்று.

பழைய படம் மாதிரி இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தட்டுக்குத் தெரிவது நீலமும் ஊதாவும், கண்ணுக்குத் தெரியாத புறஊதாவில் கொஞ்சமும்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை எதுவும் அதற்கு வெளிச்சமே இல்லை. ஆச்சி என்ன உடுத்துவது, எங்கே உட்காருவது எல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

அரக்குப் புடவை கன்னங்கறுப்பாக விழும். மாம்பழ மஞ்சளும் ஏறக்குறைய அப்படியே. கிளிப்பச்சை கருஞ்சாம்பல் ஆகிவிடும். ஆனால் கண்ணுக்குக் கனமாகத் தெரிகிற நீலப் புடவை, துவைத்துத் துவைத்து வெளுத்த மாதிரி வரும். சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட புடவையில் கட்டம் இருந்த இடமே தெரியாது. கட்டம் தெரிய வேண்டும் என்றால் அரக்கில் வெள்ளையோ வெளிர்நீலமோ பாருங்கள். தலையில் மல்லிகை பளிச்சென்று விழும், கனகாம்பரம் முடியோடு சேர்ந்து காணாமல் போகும். நெற்றியில் திருநீறு வெள்ளையாகவே நிற்கும், குங்குமம் கறுப்புப் பொட்டாகும். கூட உட்காருபவர்கள் தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தால், சட்டை வெளுத்து மடிப்பே இல்லாத காகிதம் போலாகிவிடும். முகத்துக்கு வேண்டிய வெளிச்சம் கொடுக்கும்போது சட்டைக்கு மூன்று பங்கு அதிகம் போய்விடுவதுதான் காரணம். சந்தன நிறச் சட்டை, கோரா வேட்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

புடவையை முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி உண்டு. போனில் படம் எடுத்து, எடிட் செய்யும் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக்கி, நீல ஃபில்டரைத் தேர்ந்து பாருங்கள். புறஊதா அதில் வராது என்றாலும் முக்கால்வாசி விஷயத்தைச் சொல்லிவிடும்.

முகத்தைப் பற்றி நான்கு விஷயம். ஆச்சி மஞ்சள் பூசிக் குளிப்பவராக இருந்தால் மூன்று நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்லுங்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் விழுங்குவது நீல ஊதா ஒளியை, தட்டு பார்ப்பதும் அதே ஒளியை. நமக்குப் பொன்னாகத் தெரியும் முகம் தட்டில் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். சன்ஸ்கிரீனும் இதே வேலையைச் செய்யும், சின்னவர்களிடம் சொல்லி வையுங்கள். மூன்றாவது மூக்குக் கண்ணாடி. வெயிலில் கறுக்கும் கண்ணாடியும் ‘ப்ளூ கட்’ பூச்சு போட்டதும் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி காட்டிவிடும். கழற்றிவிடுங்கள், அல்லது சாதாரண கண்ணாடி போட்ட பழைய ஃப்ரேம் இருந்தால் அது போதும். நான்காவது, நம் தோலின் நிறமி நீல ஒளியைக் கூடுதலாகவே பிடித்துக்கொள்ளும். அதனால் மாநிறம் கறுப்பாகவும், ஒவ்வொரு சுருக்கமும் உளியால் கீறியது போலவும் வரும். 84 வயது முகத்துக்கு அதுதான் அழகு. பவுடர் அடித்து வெளுக்கப் பார்த்தால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும், அதற்குப் பதில் வெளிச்சத்தை ஒரு பங்கு கூட்டச் சொல்லுங்கள்.

இனி பாம்படம். தங்கம் மஞ்சள் என்பதால் அதன் உடம்பு கறுப்பாகத்தான் விழும். ஆனால் பட்டைகளில் வானம் பிரதிபலிக்கும் இடமெல்லாம் வெள்ளைக் கீற்றாக மின்னும், ஆகவே காதுப் பக்கம் திறந்த வானம் இருக்க வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். நீண்ட காதில் தொங்கும் அந்தக் கனம், தலை நின்ற பிறகும் சில நொடி மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். நாலு நொடி எக்ஸ்போஷரில் அது புகைமூட்டமாகிவிடும். ஆச்சி அசையாமல் உட்கார்ந்ததும் பாம்படம் நிற்கிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்ன பிறகே லென்ஸ் மூடியைத் திறக்க வேண்டும். சித்திரைப் புழுக்கம் என்று ஃபேன் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று ஃபோகஸ். இந்த வேலைக்கு வரும் பெரிய லென்ஸ்களை எஃப் 4, 4.5 என்று முழுக்கத் திறந்துதான் எடுப்பார்கள். கூர்மையாக விழும் ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் இராது. நேர் முகமாக உட்கார்ந்தால் கண் தெளிவாகவும் காது கலங்கியும் வரும். பாம்படமும் தெளிவாக வேண்டும் என்றால் இரண்டு வழி. லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 8 ஆக்கலாம், ஆனால் 4 நொடி 16 நொடியாகும். 84 வயதில் 16 நொடி அசையாமல் இருப்பது கஷ்டம். அதைவிட முகத்தை முக்கால்வாசி திருப்பி, காமிராப் பக்கத்துக் கண்ணும் காதும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும்படி உட்கார வைப்பது நல்லது. எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள், அவருக்குப் பாம்படம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.

கண்ணாடியா தகடா? இன்றைக்குத் தகடு என்று வருவது இரும்பு இல்லை, ஷீல்டுக்கும் கோப்பைக்கும் பெயர் பொறிக்கிற கறுப்புப் பூச்சு அலுமினியம். விலை குறைவு, உடையாது, குழந்தைகள் கையில் கொடுக்கலாம். ஆனால் அதில் படம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலம் மாறித்தான் இருக்கும். மூக்குத்தி மறுபக்கம் போகும், முந்தானை வலது தோளில் விழும். ஆச்சியைத் தினம் பார்க்கிறவர்களுக்கு ‘இது யார்’ என்று ஒரு நிமிடம் உறுத்தும். நிறமில்லாத கண்ணாடித் தட்டில் எடுத்தால் தப்பிக்கலாம். படம் படிந்த பக்கத்தைப் பின்னால் திருப்பி, அதற்குப் பின்னே கறுப்பு வெல்வெட் வைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்தால் இடம் வலம் சரியாகிவிடும். ஒளி கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. ஆச்சிக்குக் கண்ணாடி, பேரன் பேத்திகளுக்குத் தகடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கருஞ்சிவப்புக் கண்ணாடியிலும் எடுப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் அதைத் திருப்பிப் பார்க்க முடியாது.

சித்திரை வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கொலோடியனில் பாதிக்குப் பாதி ஈத்தர் இருக்கும். ஈத்தர் கொதிக்கும் சூடு 34.6 டிகிரி. சித்திரை மதியத்தில் நம் ஊர் நிழலே அதைத் தாண்டிவிடும். தட்டின் மேல் ஊற்றும்போதே ஓரம் காய்ந்து சுருங்கும். ஆனி, ஆடியில் சூடு குறையும், ஆனால் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியை வாரி இறைக்கும், ஒவ்வொரு தூசும் தட்டில் வால் நட்சத்திரம் மாதிரி ஒரு கோடு இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசிதான் இதற்கென்றே செய்த மாதம். காலை இதமாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும்.

குடும்பம் சித்திரையில்தான் கூடும் என்றால் காலை 7 முதல் 9க்குள் முடியுங்கள். இருட்டறைக்கு வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுங்கள். சூட்டையும் குறைக்கும், காற்றில் ஈரத்தையும் கூட்டும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 20 டிகிரி வாக்கில் வைத்திருக்க வேண்டும். கொலோடியனில் ஈத்தரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், வெயில் ஊர்களில் அந்தக் காலத்திலேயே செய்த வழிதான்.

உட்காரும் இடம் பற்றிப் பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் ‘வடக்குப் பார்த்த ஜன்னல்’ என்று எழுதியிருக்கும். அவர்கள் ஊரில் நடுப்பகல் வெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் வரும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8.5 டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கிற சமயம் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி நடுவில்தான் திரும்பும். அந்த நான்கரை மாதமும் காலையிலிருந்து மாலை வரை வடக்கு வாசலில் வெயில் அடிக்கும். சித்திரையில் எடுத்தால் தெற்குப் பார்த்த தார்சா (தாழ்வாரம்), தையில் எடுத்தால் வடக்குப் பார்த்தது. நேர் வெயில் படாமல், எதிரே திறந்த வானம் நிறையத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வேப்பமர நிழல் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் இலைகள் நீல ஒளியை விழுங்கிவிட்டுப் பச்சையைத்தான் கீழே விடும். கண்ணுக்கு வெளிச்சம், தட்டுக்கு இருட்டு. செம்மண் முற்றமும் சிவப்பு சிமெண்ட் தரையும் அப்படியே, அவற்றிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் பயன்படாது. ஆச்சியின் காலடியிலும் வெளிச்சம் குறைந்த பக்கத்திலும் சலவை வேட்டி ஒன்றை விரித்துப் பிடியுங்கள். சலவைப் பவுடரில் இருக்கும் வெளுப்பூட்டி புறஊதாவை நீலமாக்கித் திருப்பும், அது தட்டுக்குத் தீனி.

இனி வேலை நடக்கும் விதம். தெரிந்துகொண்டால் எப்போது அவரோடு பேசலாம், எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது புரியும். ஓரம் தேய்த்த கண்ணாடியைச் சுண்ணாம்புப் பொடியும் ஆல்கஹாலும் போட்டுத் துடைத்திருப்பார். வாயால் ஊதும்போது மூச்சின் மூட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறைந்தால் கண்ணாடி சுத்தம். ஓரத்தில் முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலந்து ஒரு கோடு இழுத்திருப்பார், படலம் உரிந்து வராமல் இருக்க. கண்ணாடியை விரல் நுனியில் ஏந்தி, நடுவில் கொலோடியனைக் குளம் போல ஊற்றி, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு ஓடவிட்டு, நாலாவது மூலையில் மிச்சத்தைப் பாட்டிலுக்குள் வடிப்பார். தோசைக்கு மாவு பரப்புகிற மாதிரி இல்லை, எதுவும் தொடாமல் சாய்த்தே பரப்ப வேண்டும். மூலையைத் தொட்டால் ரேகை பதிய வேண்டும், ஒட்டி வரக் கூடாது. குளிர்ந்த நேரத்தில் இதற்குப் பத்துப் பதினைந்து நொடி, சித்திரையில் ஐந்துகூட ஆகாது. முந்தினால் படலம் கிழியும், பிந்தினால் காய்ந்த இடத்தில் வெள்ளி ஏறாது.

பிறகு 9 சதவீத சில்வர் நைட்ரேட் தொட்டியில் மூன்று நிமிடம், சிவப்பு விளக்கின் கீழ். தூக்கிப் பார்க்கும்போது எண்ணெய் மேல் தண்ணீர் போலத் திட்டுத்திட்டாக விலகினால் இன்னும் ஆகவில்லை. ஒரே தகடாக வழுக்கி வடிந்தால் ஆயிற்று. இங்கிருந்து கடிகாரம் ஓடுகிறது. குளிர் நாடுகளில் பத்து நிமிடம் கிடைக்கும், சித்திரையில் ஐந்துதான். தட்டுக்குப் பின்னால் நனைத்த ஒற்றுத்தாள் வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் பிழைக்கும். ஃபோகஸ் எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்கும், ஆச்சி அசையாமல் காத்திருப்பார். இந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் காபி கொண்டுவந்து நீட்டுவார். தடுத்துவிடுங்கள்.

மூடியைத் திறந்து நல்ல நிழல் வெளிச்சத்தில் 3 முதல் 6 நொடி, காலை 7 மணி என்றால் அதில் இரண்டு பங்கு. கண்ணிமைத்தால் ஒன்றும் ஆகாது, ஆறு நொடியில் ஒரு இமைப்பு பதியவே பதியாது. இமைக்கக் கூடாது என்று முறைத்துக் கண்ணீர் வந்தால்தான் கெட்டுப்போகும். மூச்சை அடக்கவும் வேண்டாம், அடக்கினால் தலை ஆடும். முதுகு சாயும் மரநாற்காலியும் பின்தலையைத் தாங்கும் ஸ்டாண்டும் போதும். சிரிப்பைப் பிடித்து வைக்க முடியாது, வாய் மூடிய அமைதிதான் நிற்கும்.

திரும்ப இருட்டறை. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 40 கிராம் பெரஸ் சல்பேட், 40 மி.லி. கிளேசியல் அசெட்டிக் அமிலம், 50 மி.லி. ஆல்கஹால் என்பது சாதாரண டெவலப்பர். வெயிலுக்கு பெரஸ் சல்பேட்டை 25–30 கிராமாகக் குறைத்து அமிலத்தை 60 மி.லி. ஆக்கி, கொஞ்சம் சீனி கரைத்தால் வேகம் அடங்கும். ஒரே வீச்சில் ஊற்றி, கீழே வழியாமல் தட்டின் மேலேயே நிறுத்த வேண்டும். வழிந்தால் மேலே இருக்கும் வெள்ளியும் போகும், படம் வெளிறும். பதினைந்து நொடியில் தண்ணீர் ஊற்றி நிறுத்துவார். அதன் பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். எல்லோரையும் கூப்பிட வேண்டிய நேரம் இது. பால் கலங்கிய நீலத்தில் நெகட்டிவாக இருக்கும் ஆச்சி, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டதும் ஓரத்திலிருந்து தெளிந்து, ஒரு நிமிடத்துக்குள் நேர்ப்படமாக மாறுவார்.

படம் முழுக்கப் பனி மூடியது போல் இருந்தால் டெவலப்பர் சூடேறியிருக்கும், அல்லது வெளிச்சம் அதிகம், அல்லது வெள்ளித் தொட்டியில் அமிலம் குறைந்திருக்கும். தொட்டியில் ஆல்கஹாலும் ஈத்தரும் சேர்ந்து கெட்டிருந்தாலும் இப்படித்தான். அதைச் சரிசெய்யத் தொட்டித் திரவத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள், அழுக்கு கறுப்பாகப் படியும், அதற்கு நம் ஊர் வெயில் ஒன்றுதான் உதவி. மூலைகளில் சிப்பி ஓடு மாதிரி கறை விழுந்தால் தட்டு வைக்கும் ஹோல்டரில் அழுக்கு. மேல் ஓரத்தில் படமே இல்லாத திட்டு என்றால் தட்டு காய்ந்துவிட்டது. ஒரு தட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். முதல் தட்டில் ஆச்சியை உட்கார வைக்காதீர்கள், வயதுப் பேரன் ஒருவனை உட்காரவைத்து வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கட்டும். ஆச்சிக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று.

தண்ணீர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். கலவைகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் அவரே கொண்டுவருவார். கழுவ இருபது லிட்டர் கேன் நாலைந்து வேண்டும். போர் தண்ணீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள், பாலாகத் திரிந்தால் உப்பு அதிகம். அதில் கடைசிக் கழுவல் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

சில்வர் நைட்ரேட் விழுந்த தரை கறுத்துப்போகும், திரும்பாது. இருட்டறையிலிருந்து காமிரா வரைக்கும் தார்ப்பாய் விரியுங்கள், ஹோல்டரிலிருந்து சொட்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகளை அண்டவிடாதீர்கள். ஈத்தர் இருக்கும் இடத்தில் விளக்கு, பீடி, பூஜை அறைச் சூடம் எதுவும் கூடாது. கழுவிய நீரை அங்கணக்குழியிலோ வாய்க்காலிலோ விடாமல் வாளியில் சேர்த்துக் கல்லுப்பைப் போட்டால் வெள்ளி தயிர் போலப் படிந்துவிடும், எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஹைப்போவில் கரைந்த வெள்ளி உப்புக்கு அசையாது, அதைத் தனிக் கேனில் திருப்பி அனுப்புங்கள். சிலர் ஹைப்போவுக்குப் பதில் பொட்டாசியம் சயனைடு பயன்படுத்துவார்கள். படம் ஒரு சாயல் வெதுவெதுப்பாக, பிரகாசமாக வரும் என்பது உண்மை. டெவலப்பரில் இருக்கும் அமிலம் அதில் பட்டால் கிளம்புவது கொல்லும் வாயு என்பதும் உண்மை. குடும்பம் கூடிய வீட்டில் அது வேண்டாம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹைப்போவில் போட்ட தட்டு அரை மணி நேரம் கழுவப்பட்டு, காய்ந்து, சாண்டரக் பிசினும் லாவெண்டர் எண்ணெயும் கலந்த வார்னிஷ் பூசப்பட வேண்டும். தட்டைச் சூடுபடுத்திப் பூசும் வேலை அது, ஈத்தர் பாட்டில்கள் மூடி அகற்றப்பட்ட பிறகு முற்றத்தில் நடக்கட்டும். அவசரத்தில் வார்னிஷ் இல்லாமல் வாங்கிக்கொள்ளாதீர்கள், வெறும் வெள்ளி காற்றுப்பட்டுக் கறுக்கும், விரல் பட்டால் கீறும். வார்னிஷ் பூசிய தட்டை ஒரு வாரம் படுக்கவைத்துவிட்டு அப்புறம் ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோங்கள். கடைக்காரர் வழக்கம்போல மேல் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டிப் போடப் பார்ப்பார். கோடையில் பிசின் இளகி இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. நடுவில் தடித்த அட்டை மவுண்ட் வைத்து இடைவெளி விடச் சொல்லி, அவர் போடும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.